அம்மாவின் ஹேண்ட் கியர்

என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. அவளுடைய காருக்கு அதில் பாதியைத் தாண்டிவிட்டது. இரண்டும் மாதுங்காவில் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. ஒன்று இரண்டாவது மாடியில், மற்றது கீழே வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில். வயதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இரண்டுமே உறுமும்.

பம்பாயில் ஒரு காலத்தில் டாக்ஸியாக ஓடியதெல்லாம் இதே வண்டிதான். அவை கறுப்பும் மஞ்சளும், எங்களுடையது க்ரீம் கலர், அவ்வளவுதான் வித்தியாசம். இதற்குக் கியர் தரையில் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கமாக ஒரு நீளக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கி, தள்ளி, இழுத்துத்தான் கியர் போட வேண்டும். ஒன்றும் இரண்டும் ஒரு வரிசை, மூன்றும் நான்கும் இன்னொரு வரிசை, ரிவர்ஸ் மட்டும் தனிக்குடித்தனம். ஹேண்ட் கியர் என்பார்கள். நடுவில் கியர் இல்லாததால் முன் சீட் ஒரே பெஞ்சாக இருக்கும். அப்பா, அம்மா, அண்ணா, நான் என்று நாலு பேரும் முன்னாலேயே நெருக்கி உட்கார்ந்து மாஹிம் கடற்கரைக்குப் போய் வந்திருக்கிறோம். பின் சீட்டில் வெந்தயக்கீரை வரும்.

வண்டியை செகண்ட் ஹேண்டாக வாங்கியவர் அப்பா. ஆனால் லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை தோற்றதும், "நோக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்று சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் இடது பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே போனார். அம்மா முப்பத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். மார்க்கெட்டுக்கு, டாக்டரிடம், கல்யாணத்துக்கு, சில நாள் ஒரு காரணமும் இல்லாமல்.

ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அம்மா "முருகா" என்பாள். முணுமுணுப்புதான், ஆனால் மூன்று எழுத்தும் தெளிவாக விழும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரு முருகா, இரண்டிலிருந்து மூன்றுக்கு ஒரு முருகா. செம்பூரில் என் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் ஓர் அர்ச்சனையே நடந்து முடிந்திருக்கும். பக்தி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வீட்டில் விளக்கேற்றக்கூட அவளுக்குப் பாதி நாள் மறந்துபோகும் என்பது எங்களுக்கு ஏனோ உறைக்கவில்லை.

போன வருஷம் மழைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, சயான் சிக்னலில் அந்தக் கம்பி தொளதொளவென்று ஆடிவிட்டு எந்தக் கியரிலும் விழாமல் நின்றுவிட்டது. ஹேண்ட் கியர் வண்டிக்கு வருகிற வியாதிதான். கம்பியிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகிற இணைப்புகள் தேய்ந்துபோனால், ஒரு கியரை விடாமலே இன்னொன்றைப் பிடிக்கப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். அம்மா பதறவில்லை. இறங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். பானட்டைத் திறந்து, குடையின் வளைந்த கைப்பிடியை உள்ளே விட்டு எதையோ கொக்கி போட்டு இழுத்தாள். பின்னால் ஒரு பஸ்ஸும் ஏழெட்டு டாக்ஸிகளும் ஹாரன் அடித்துத் தீர்த்தன. 'டக்' என்று சத்தம் வந்ததும் பானட்டைச் சாத்தி, பஸ் டிரைவரிடம் "அரே ருகோ பாபா, கொஞ்சம் இரு, ஆபீஸ் எங்கேயும் ஓடிப்போயிடாது" என்று இரண்டு பாஷையில் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

இவ்வளவு விவரமாக நான் சொல்லக் காரணம், பக்கத்து டாக்ஸியில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதை வீடியோ எடுத்துவிட்டதுதான். அது வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. அடுத்த நாள் சாயங்காலம் டோம்பிவிலி லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த என் அண்ணாவிடம், பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தவரே அதைக் காட்டிச் சிரித்திருக்கிறார். "யே ஆன்டி ஏக்தம் பிந்தாஸ் ஹை." எதற்கும் அசராத மாமி என்று. அண்ணாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாவிடமிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"வண்டியை ஸ்க்ராப்புக்குக் குடுத்துடலாம்மா" என்றான்.

"மொதல்ல உன்னைக் குடுக்கறேன்."

"விளையாடாதே. நடு ரோட்ல, பஸ்ஸுக்கு முன்னால இறங்கி நிக்கறே. ஏதாவது ஆச்சுன்னா டோம்பிவிலியிலேர்ந்து நான் வந்து சேர ஒண்ணரை மணி நேரம். ட்ரெயின்ல நின்னுண்டே வரணும். அந்த ஒண்ணரை மணி நேரம் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தியா?"

உண்மையைச் சொன்னால், அவன் சொன்னதில் பாதி எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அண்ணாக்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டால் அவர்கள் அதைப் பத்து வருஷம் வைத்துக்கொள்வார்கள். "வண்டியில ரிப்பேர்னா வண்டியைச் சரி பண்ணணும். அம்மாவையா சரி பண்ணுவே?" என்று கேட்டேன்.

"சரி. பண்ணுங்கோ. அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். பின் சீட்ல ஒக்காந்துக்கறேன். அம்மா அங்கேர்ந்து செம்பூர்ல உன் வீடு வரைக்கும் ஓட்டட்டும். கியர் கறகறன்னாலோ ஜெர்க் அடிச்சாலோ நான் எண்ணுவேன். மூணு ஆச்சுன்னா சாவி என்கிட்ட."

"மூணு எதுக்கு, ஒண்ணு போறும்" என்றாள் அம்மா, வீறாப்பாக. வாய்தான் அப்படிச் சொன்னது. போனை வைத்ததும் கார் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

விக்ரோலியில் என் ஆபீஸ் கேன்டீனில் வேலை செய்கிற ஓர் அக்காவின் வீட்டுக்காரர் தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். அம்மா ஓட்ட, நான் பக்கத்தில் குடையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு உட்கார, தொண்ணூறடி ரோட்டிலிருந்து திரும்பி வண்டியைப் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவி, பேச்சு மட்டும் பெற்றவர்கள் கொண்டுவந்த திருநெல்வேலி. தோல் தைக்கிற மிஷின்களுக்குப் பாகம் செய்துகொடுப்பதுதான் அவருக்குத் தினசரிப் பிழைப்பு. சின்ன வயதில் டாக்ஸி கராஜில் ஐந்து வருஷம் இருந்தவர் என்பதால் எங்களை உள்ளே விட்டார்.

கம்பியை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார். அது பாட்டுக்கு ஆடியது. "யம்மா" என்று அம்மாவைப் பார்த்தார். "இத வச்சா இம்புட்டு நாளு ஓட்டுதிய?"

"போன வாரம் வரைக்கும் நன்னாத்தானே இருந்தது?"

"போன வாரம் இல்லம்மா. இது இருவது வருசத் தேய்மானம்."

கம்பியைப் பிடித்திருந்த ஆணியைத் தட்டிக் கழற்றி, வெளிச்சத்தில் காட்டினார். ஆணி போகிற ஓட்டை வட்டமாக இருக்க வேண்டியது, முட்டை மாதிரி நீண்டிருந்தது. கம்பியின் அடிநுனியில் ஓர் உருண்டை, அதுதான் உள்ளே போய்க் கியரைத் தள்ளுவது. அது ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருந்தது. கீழே இணைப்புகள் உரசாமல் இருக்கப் போட்டிருந்த மூன்று புஷ் வளையங்களும் பல்லுப் போன ஈறாக இருந்தன. புதுக் கம்பி எங்காவது கிடைக்குமா என்று கேட்டேன். "கெடைக்கும்க்கா, ஆன்லைன்ல ஒருத்தன் வச்சிருக்கான். வர ஒரு மாசம் ஆவும். உங்களுக்கு எப்பம் வேணும்?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"அப்பம் இதையே பண்ணிருவோம்."

அவர் வேலை செய்ததைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒன்றும் முடிவதில்லை. இங்கே ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வந்தது. நீண்டுபோன ஓட்டையை இன்னும் பெரிதாக்கி வட்டமாக்கினார். அதற்குள் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை அடித்து இறக்கினார். புது ஆணி அதில் சொய்யென்று போய் உட்கார்ந்தது. உருண்டையின் தேய்ந்த பக்கத்தில் பித்தளையை உருக்கி வைத்து நிரப்பி, ஆறவிட்டு, அரம் போட்டு, ஒரு வளையத்துக்குள் விட்டு விட்டுப் பார்த்தார். நாலு முறை மாட்டியது. ஐந்தாவது முறை எந்தப் பக்கமும் இடிக்காமல் போனது. புஷ்களை வெள்ளை நைலான் கட்டையிலிருந்து லேத்தில் கடைந்தார். அம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டர் ஆபரேஷன் பண்ணுவதைக் கதவுக்கு வெளியே இருந்து பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை மட்டும், "வலிக்காம பண்ணுங்கோ" என்றாள். அவர் சிரிக்கவில்லை. "சரிம்மா" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாம் மாட்டியாயிற்று. கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் போட்டுக் காட்டியபோது ஒவ்வொன்றும் பெட்டி மூடியைப் போலச் சரியாக விழுந்தது. அம்மா முகம் மலர்ந்து ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. "முருகா" என்றாள். 'கறகறகற' என்று பற்கள் நரநரத்தன. வண்டி ஒரு குதி குதித்து நின்றது. பக்கத்தில் தோல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததோ என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் பானட்டைத் திறந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார். தப்பு ஒன்றும் இல்லை. தானே ஓட்டிப் பார்த்தார், வெண்ணெயாகப் போனது. அம்மா ஓட்டினாள், கறகற. மறுபடி அவர், வெண்ணெய். மறுபடி அம்மா, கறகற. "ஏதோ டைட்டா வெச்சுட்டேள் போலிருக்கு" என்றாள் அம்மா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற பழமொழி அவர் நாக்கு நுனிவரை வந்ததை நான் பார்த்தேன். நல்ல மனுஷர், விழுங்கிவிட்டார். அதற்குப் பதில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "போங்கம்மா, மெதுவாப் போங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மூன்றாவது கறகறவில் கண்ணைத் திறந்தார். "யம்மா, கியர் போடும்போது என்னமோ சொல்லுதியளே?"

"நானா? ஒண்ணும் சொல்லலையே."

"முருகாங்கிய."

"அப்படியா?" என்று அம்மா என்னைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரியாது.

"அதான் விசயம்" என்றார் அவர், தொடையில் தட்டி. "கம்பி ஆட்டமா இருந்துச்சுல்லா. அப்பம் அத அரை இஞ்சு கூடுதலாத் தூக்கணும், தூக்கிட்டு உள்ள இருக்குத கம்பியெல்லாம் வந்து பிடிக்கட்டும்னு செத்த நேரம் காத்திருக்கணும், பொறவு தள்ளணும். நீங்க காத்துக்கெடந்த நேரந்தாம்மா அந்த முருகா. சரியா ஒரு முருகா நேரம். இப்பம் ஆட்டம் போச்சு. நீங்க கூடுதலாத் தூக்குதது நேரா ரிவர்ஸ் வரிசைக்குப் போயிருது. காத்துக்கிட்டு இருக்குத நேரத்துல இஞ்சின் வேகம் செத்துப்போயிருது. அதான் குதிக்கி." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "எங்களுக்கும் திருச்செந்தூர்தாம்மா எல்லாம். ஆனா வண்டி ஓட்டும்போது மட்டும் அவர விட்டுருங்க."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வருவதற்குள் பதினோரு முறை கறகறத்தது. மாதுங்கா வந்தபோது யாருக்கும் சிரிப்பு மிச்சமில்லை.

வியாழன் முதல் நான் மாதுங்காவிலேயே தங்கிவிட்டேன். காலை ஆறு மணிக்கு, ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி, ஆபீஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பயிற்சி. வாக்கிங் போகிறவர்கள் ஒரு பக்கம், நாங்கள் குதித்துக் குதித்து ஒரு பக்கம். அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் கைக்குப் புரியவில்லை. கம்பியைத் தொட்டதும் கை தானாக அரை இஞ்ச் அதிகம் தூக்கியது, வாய் தானாக முருகா என்றது. வாயை அடைத்தால் கை நிற்கும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கற்கண்டு கொடுத்தேன். கற்கண்டைச் சுற்றிக்கொண்டு "முழுகா" வந்தது. வாயில் தண்ணீரை வைத்துக்கொள்ளச் சொன்னேன். "ம்ம்ம்" என்று சரியாக அதே நீளத்துக்கு ஒரு ரீங்காரம் கேட்டது. ஏதாவது பேசிக்கொண்டே ஓட்டு என்றேன். கீழ்வீட்டு மாமியின் மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள். மருமகளுக்கு நடுவிலும் முருகன் வந்தார்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போயிற்று. என் பொறுமை அப்பாவிடமிருந்து வந்தது. வரிசையாக நாலாவது கறகற. நான் ஜன்னல் கண்ணாடி இறங்கியிருப்பதை மறந்து, தொண்டை கிழியக் கத்தினேன். "அம்மா! முருகனை விட்டுத் தொலைம்மா!"

நெற்றி நிறைய விபூதியோடு நடந்து வந்த ஒரு மாமா அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, வயசான காலத்துல பெத்தவ பகவான் பேர் சொன்னா உனக்குப் பொறுக்கலையா?" என்றார். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? புஷ்ஷிலிருந்தா, உருண்டையிலிருந்தா? "மன்னிச்சுக்கோங்கோ மாமா" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, சத்தமில்லாமல். அப்பா போனபோதுகூட அவள் என் எதிரில் அப்படி அழவில்லை.

"சாவி போயிடுத்துன்னா நான் பால்கனியில ஒக்காந்துண்டு, யார் எப்ப வருவா, யார் என்னை எங்க அழைச்சுண்டு போவான்னு பாத்துண்டு இருக்கணும்டி. அந்தக் கிழவியா என்னால இருக்க முடியாது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கத்தியதற்காக என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

ஆபீஸுக்குப் போனதும் பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். அம்மா அழுததைச் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, பழைய புஷ்ஷு மூணையும் தூரப் போடல. பழைய ஆணியும் கெடக்கு. அம்மாவக் கூட்டிட்டு வாங்க, அரை மணி நேரத்துல பழையபடி ஆட்டம் வச்சுத் தாரேன். நான் பண்ணுன வேலைய நானே கெடுக்கணும், பரவால்ல. அம்மா கண்ணு கலங்கக் கூடாதுல்லா." இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு அது பெரிய விடுதலையாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கறகற இல்லாமல் தேறிவிடலாம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அம்மா புடலங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். நறுக்கி முடித்த பிறகுதான் பேசினாள்.

"பழையபடி பண்ணினா அவன்கிட்ட தேறிடுவேன். அப்புறம் ஒரு நாள் திரும்பவும் சயான் சிக்னல்ல நிப்பேன். அவன் சொன்னது அதைத்தானே? ஒண்ணரை மணி நேரம் நின்னுண்டே வரணும்னானே." பாத்திரத்தை மூடினாள். "வேண்டாம். இப்படியே இருக்கட்டும். வந்தா வரது, வரலேன்னா சாவியைக் குடுத்துடறேன்."

சனிக்கிழமையும் ஓட்டினோம். முதல் நாள் பதினோரு தரம், அன்று ஆறு தரம். மூன்றுக்குக் கீழே வர இன்னும் இரண்டு வாரமாவது வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது ஓர் இரவு.

ஞாயிற்றுக்கிழமை ரயில்வேயில் மெகா ப்ளாக். பாதி ட்ரெயின் ஓடாது என்று அண்ணா விடிகாலையிலேயே கிளம்பி, கூட்டத்தில் நசுங்கி, எட்டரை மணிக்கு வந்து சேர்ந்தான். வாரம் முழுக்க அவனுக்கு ஆபீஸில் இரண்டு ஆள் வேலை என்று மன்னி போனில் சொல்லியிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "போலாமா?" என்றான். தப்புக் கண்டுபிடிக்கவே வந்தவனுக்கு உட்காரச் சொல்லி இரண்டு தோசை போட்டாள் அம்மா. அவள் அப்படித்தான். தின்றான். பிறகு பின் சீட்டில் ஏறினான். நான் முன்னால், அப்பா உட்காரும் இடத்தில்.

கட்டட வாசலைத் தாண்டி இரண்டாவது கியருக்குப் போகும்போதே 'முருகா', கறகற.

"ஒண்ணு" என்றான் அண்ணா.

அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கிங்ஸ் சர்க்கிள் சுற்றி வரும்வரை எல்லாம் சரியாக விழுந்தது. எப்படி என்று தெரியவில்லை. பாலத்துக்கு முன்னால் பைக்கில் ஒருத்தன் குறுக்கே வந்தான். அம்மா மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாள். வண்டி குதித்தது.

"ரெண்டு."

சயானில் சிக்னல் சிவப்பு. அதே சிக்னல். வண்டி நின்றது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். செம்பூர் போய்ச் சேர இன்னும் எத்தனை சிக்னல், எத்தனை கியர், எத்தனை முறை இந்தக் கம்பி? அறுபது முறையாவது இருக்கும். ஒன்றே ஒன்று பாக்கி. அம்மா வலது கையால் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்போதே அவள் விடைபெற ஆரம்பித்துவிட்டாள் என்று தோன்றியது.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பினேன். அண்ணா தூங்கிக்கொண்டிருந்தான். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது, கை இரண்டும் மடியில் கிடந்தன. சின்ன வயதில் மாஹிமிலிருந்து திரும்பும்போது இதே போலத்தான் விழுந்து கிடப்பான்.

அம்மாவும் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். நான் பார்த்ததைவிட ரொம்ப நேரம் பார்த்தாள்.

சிக்னல் பச்சை விழுந்தது. அம்மா முதல் கியரைப் போட்டாள். வண்டி நகர்ந்தது. இரண்டாவது போட வேண்டிய இடம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் உதடு திறக்கவில்லை. பிள்ளை தூங்குகிறானே, எழுந்துவிடுவானே என்று அவள் வாயைத் திறக்கவில்லை. குலுங்கிவிடுமே என்று கையும் பதறவில்லை. கம்பியைத் தூக்கி உடனே தள்ளினாள், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைப்பதைப் போல. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மூன்று. அதுவும் கேட்கவில்லை. நான்கு. சுன்னாபட்டி வரைக்கும் நான் ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணினேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

செம்பூரில் என் கட்டடம் வந்தது. அதுதான் நாங்கள் போட்ட எல்லை. அம்மா நிறுத்தவில்லை. தாண்டிப் போய்ப் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி என் வீடு, மறுபடி நிறுத்தவில்லை.

"எழுப்பட்டுமா?" என்று கிசுகிசுத்தேன். ஜெயித்துவிட்டாயே, அவனுக்குத் தெரிய வேண்டாமா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அம்மா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். "வாரம் பூரா நின்னுண்டே போறான். தூங்கட்டும்" என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

ஸ்பீட் பிரேக்கர் இல்லாத தெருவாகப் பார்த்துத் திருப்பினாள். கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான், ஆனால் அழுகை அழுகைதான், மூக்கை உறிஞ்சினால் அவன் எழுந்துவிடுவான் என்று அதையும் துப்பட்டாவில் அடக்கிக்கொண்டேன். இப்படியே ஏழெட்டுச் சுற்று. பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு தண்ணீர் லாரிதான் காதைப் பிளக்கிற ஹாரன் அடித்து அவனை எழுப்பியது. அண்ணா திடுக்கிட்டு நிமிர்ந்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். வெளியே பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடி வெளியே பார்த்தான். பத்தே கால். நாங்கள் செம்பூர் வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"எழுப்பியிருக்கலாமே" என்றான்.

அம்மா தண்ணீர் லாரிக்கு வழி விட்டாள். அவன் எத்தனை ஆச்சு என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. முன் சீட்டின் முதுகில் இரண்டு கையையும் வைத்து, அதன் மேல் முகவாயை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். அம்மா இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினாள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கித் திரும்பினாள்.

"அம்மா" என்றான். "அடுத்த ஞாயித்துக்கிழமை குழந்தைகளை அழைச்சுண்டு வரேன். ரெண்டும் லக்கேஜ் அது இதுன்னு படுத்தும். ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துண்டு வந்துடறியா?"

அம்மா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"எத்தனை மணி ட்ரெயின்?" என்றாள்.